வெள்ளைப் பூ வகுப்பு

"சார், இந்தக் கடுதாசியைப் படிச்சீங்களா, இல்லை வந்த மாதிரியே மடிச்சு வெச்சிருக்கீங்களா?"

"படிச்சேன்மா. படிச்சதாலதான் மடிச்சு வெச்சேன்."

தலைமையாசிரியர் ஜம்புலிங்கம் பொடிமட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். கோமளவல்லி கடுதாசியை இன்னொரு தடவை படித்தாள். படித்தால் மாறிவிடுமா? பிள்ளைகள் எண்ணிக்கை போதவில்லை. அடுத்த வருஷம், எழுபத்து மூன்று ஜூனோடு, நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் எடுக்கப்படும். இரண்டாவது ஆசிரியை வேறு பள்ளிக்கு மாற்றப்படுவார். கீழே யூனியன் ஆபீஸ் முத்திரை.

"எனக்கென்ன சார், எங்கே போட்டாலும் போய்க் கத்துவேன். இந்தப் பொண்ணுங்க?"

பதில் இருவருக்குமே தெரியும். திருத்தணி டவுனுக்கு வெளியே, ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், நெசவுக்காரர் தெரு நாலு. நாலு தெருவுக்கும் சேர்த்து ஓடு போட்ட ஒரு கூடம்தான் பள்ளிக்கூடம். இங்கே நாலாவது இல்லையென்றால் ரயில் கேட்டைத் தாண்டி டவுனுக்குப் போக வேண்டும். பையன்கள் போவார்கள். பெண் பிள்ளையைக் கேட்டைத் தாண்டிப் படிக்க அனுப்பிய வீடு அந்தத் தெருக்களில் ஒன்றுகூட இல்லை. மூன்றாவதோடு ராட்டினத்துக்கு முன்னால் உட்கார வைத்துவிடுவார்கள். தார் சுற்ற ஆள் வேண்டாமா? தறியில் ஓடுகிற நாடாவுக்குள் வைக்கும் நூல் உருளைதான் தார். சின்ன விரல்தான் அதற்கு வாகு என்பார்கள்.

"இன்னொரு காகிதமும் வந்திருக்குது, பாரு," என்றார் ஜம்புலிங்கம். "பயிற்சிக் கல்லூரியில விரிவாக்க மையம்னு ஒண்ணு இருக்குதாமே. பாடம் நடத்தறதுல புது முறை ஏதாவது இருந்தா எழுதியனுப்பணுமாம். கவர்மெண்டு மானியம் குடுக்குமாம்."

"நம்மகிட்ட இருக்குதே சார்."

"நம்மகிட்டயா? மழை ஒழுகினா பெஞ்சைத் தள்ளிப் போடற முறையைத் தவிர வேற என்னம்மா இருக்குது?"

கோமளவல்லி சிரித்தாள். கோபம் வந்தாலும் பயம் வந்தாலும் அவளுக்கு முதலில் சிரிப்புதான் வரும்.

அவளிடம் ஒரு முறை இருக்கத்தான் செய்தது. அதற்குப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். தாலுகா ஆந்திராவிலிருந்து இந்தப் பக்கம் வந்து பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்துப் புத்தகம் தமிழுக்கு மாறியது. நெசவுக்காரர் வீட்டுப் பேச்சு தெலுங்காகவே இருந்தது. புத்தகத்தில் பசு படம் போட்டு 'ப' என்று எழுதியிருக்கும். பிள்ளை படத்தைப் பார்த்து 'ஆவு' என்று கத்தும். ஜம்புலிங்கம் பிரம்பை எடுப்பார். பிள்ளை மறுநாள் வராது. கோமளவல்லி அரக்கோணம் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு தெலுங்கு பேசியே விளையாடியவள். இந்தக் கூத்தை ஆறு மாதம் பார்த்துவிட்டு, தன் கைக்கு வந்த மூன்றாவதில் அவள் புத்தகத்தை மூடிவைத்தாள். "உங்க வீட்டுல இருந்து ஆளுக்கொரு வார்த்தை கொண்டு வாங்க," என்றாள். ஒருத்தி 'நீள்ளு' கொண்டுவந்தாள், ஒருத்தன் 'மக்கம்' கொண்டுவந்தான். நூல் சிப்பத்தில் வரும் அட்டையைக் கத்தரித்து, ஒரு பக்கம் அதை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதினாள். மறுபக்கம் 'தண்ணீர்', 'தறி'. தன் வீட்டு வார்த்தையை அட்டையில் பார்த்த பிள்ளை அதை விடுமா? முத்தம் கொடுக்காத குறை. ஒரே வருஷத்தில் எழுத்து வந்தது.

இதைத்தான் எட்டுப் பக்கம் எழுதி அனுப்பினாள். மானியம் பெரிய தொகை இல்லை. அட்டையும் சாக்பீஸும் வாங்கலாம், ஒரு பீரோ வாங்கலாம். அவள் குறிவைத்தது மையத்துக் காகிதத்தின் கடைசிப் பாராவை. மானியத் திட்டம் நடக்கிற வரை அந்தப் பள்ளியில் வகுப்பையோ ஆசிரியரையோ குறைக்கக் கூடாது என்று யூனியன் எழுதிக் கொடுக்க வேண்டும். முதல் வருஷம் பலன் தெரிந்தால் மேற்கொண்டு மூன்று வருஷம்.

"மூணு வருஷம் சார்! நாலாவதும் அஞ்சாவதும் நிக்கும்."

"நிக்கட்டும்மா. நான் ரிடையர் ஆகற வரைக்கும் நின்னா எனக்குப் போதும்."

ஆடிக் கிருத்திகைக்குப் பத்து நாள் முன்னால் மெட்ராஸ் மையத்திலிருந்து வரதராஜன் வந்தார். வெள்ளைச் சட்டை, தோலில் கைப்பை, நல்ல மனிதர். அட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதை ஏம்மா இத்தனை நாள் மூடி வெச்சிருந்தீங்க?" என்றார். கோமளவல்லிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"ஆனா ஒண்ணு. மூணாங் கிளாஸ் பதினெட்டுப் பேரையும் ரெண்டாப் பிரிக்கணும். ஒன்பது பேருக்கு உங்க முறை. மத்த ஒன்பது பேருக்குப் பழைய புஸ்தகம், பழைய முறை."

"அந்த ஒன்பது பேருக்கு எதுக்கு சார் பழசு?"

"ஒப்பிட்டுப் பாக்க வேணாமா? வருஷக் கடைசியில ரெண்டு பக்கத்துக்கும் ஒரே பரீட்சை வெப்போம். வேறுபாடு தெரிஞ்சாத்தான் உங்க முறைக்குப் பலன் இருக்குதுன்னு அர்த்தம். பிரிக்கறதை நீங்க பாத்துப் பொறுக்கக் கூடாது. சீட்டுக் குலுக்கிப் போடுங்க. அப்புறம் கலக்கவே கூடாது, ஆமா."

அவர் போன பிறகு ஜம்புலிங்கம் தலையைச் சொறிந்தார். "சீட்டா? இந்தத் தெருப் பொம்பளைங்களுக்கு எழுத்துத் தெரியாது. சீட்டுல நம்ம இஷ்டத்துக்கு எழுதிக்கினோம்னு சண்டைக்கு வருவாங்க. பூ கட்டிப் போடலாம். செவப்புன்னா செவப்பு, வெள்ளைன்னா வெள்ளை. குருடன்கூட மோந்து பாத்து ஒத்துக்குவான்."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. கல்யாணமோ, கடையோ, நிலமோ, எது குழம்பினாலும் அந்தப் பக்கத்தில் பூ கட்டித்தான் பார்ப்பார்கள். சுவரில் மாட்டியிருந்த முருகன் படத்துக்கு முன்னால் தாம்பாளத்தில் பதினெட்டுப் பொட்டலம். ஒன்பதில் செவ்வரளி, ஒன்பதில் நந்தியாவட்டை. ஜம்புலிங்கம் சூடம் கொளுத்தினார். தாய்மார்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

"இன்னா டீச்சரம்மா, பூ கட்டிகினு கீறீங்க? யாருக்குக் கண்ணாலம்?" என்றாள் கன்னியம்மாள். கோடித் தெருக்காரி, அவள் வாய் அவளுக்கு முன்னால் நடக்கும்.

"உம்பையனுக்குத்தான். பொண்ணு பாத்தாச்சு, அ ஆ இ ஈ."

எல்லாரும் சிரித்தார்கள். பிள்ளைகள் வரிசையாக வந்து எடுத்தார்கள். கௌரியம்மாளுக்கு அந்த வகுப்பில் இரண்டு பெண்கள். பெரியவள் ரஞ்சிதம், ஒன்பது வயது. தார் சுற்ற ஆள் இல்லாமல் பிந்திச் சேர்த்ததால் தங்கச்சி வரலட்சுமியோடு ஒரே வகுப்பு. வரலட்சுமிக்குச் செவப்பு. ரஞ்சிதம் பிரித்தாள்; நந்தியாவட்டை.

"டீச்சர், மாத்திக்கலாமா? மோந்து பாக்காம எடுத்துட்டேன்."

"மாத்தக் கூடாது கண்ணு."

"சாமி குடுத்ததை மாத்துவாங்களாடீ?" என்று கௌரியம்மாள் மகள் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். ஆனால் அவள் முகம் சுருங்கியதைக் கோமளவல்லி பார்த்தாள். பார்த்துவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டாள்.

அன்றிலிருந்து கூடத்தின் நடுவில் மூங்கில் தட்டி. இந்தப் பக்கம் அட்டையும் பாட்டும் கூச்சலும். அந்தப் பக்கம் ஜம்புலிங்கமும் பசு படமும். தெருவில் ஒரு வாரத்துக்குள் பெயர் வந்துவிட்டது. செவப்புப் பூ வகுப்பு, வெள்ளைப் பூ வகுப்பு. தண்ணிக் குழாயில் கன்னியம்மாள் கேட்பாளாம்: "இன்னா கௌரி, உம்பெரிய பொண்ணு வெள்ளைப் பூவாமே? முருகனே கணக்குப் போட்டு ஒதுக்கிட்டாரு, நீ இன்னா பண்ணுவே?"

கோமளவல்லி காதுக்கும் அது வந்தது. "அப்படியில்லைம்மா, சும்மா பிரிச்சோம்," என்று இரண்டு பேரிடம் சொல்லிப் பார்த்தாள். "சும்மாவா சூடம் கொளுத்தினீங்க?" என்று கேட்டார்கள்.

கார்த்திகை மாதம் வரலட்சுமி மூன்று நாள் வரவில்லை. பள்ளி விட்டதும் காய்ச்சலா என்று பார்க்கப் போனாள் கோமளவல்லி. முன்கட்டில் கௌரியம்மாளின் புருஷன் எல்லப்பன் தறிக்குழியில் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். கௌரியம்மாள் பாவு நூல் பிணைத்துக்கொண்டிருந்தாள். மூலையில், காய்ச்சலில் படுத்திருந்த வரலட்சுமிக்குப் பக்கத்தில், ரஞ்சிதம் ராட்டினத்தில் தார் சுற்றிக்கொண்டு. அவள் உட்கார்ந்த உயரத்துக்குச் சுவர் முழுக்கக் கரி.

"பாத்தீங்களா டீச்சரம்மா, செவுத்தைக் கெடுத்துகினு கீறா. கையில ராட்டினம், வாயில தங்கச்சியோட வம்பு. பொங்கலுக்கு வெள்ளை அடிச்சாத்தான் போவும் இது," என்றாள் கௌரியம்மாள்.

கோமளவல்லி கிட்டப் போய்க் குனிந்தாள். கோடு இல்லை, எழுத்து. நீள்ளு, தண்ணீர். மக்கம், தறி. உப்பு என்று இரண்டு தடவை. எல்லா அட்டையும் அங்கே இருந்தது. நடுவில் மற்றவற்றைவிடப் பெரிதாக ஒரு வார்த்தை: கண்டெ. தாருக்கு வீட்டில் சொல்கிற பேர். வரலட்சுமி பள்ளிக்குக் கொண்டுவந்தது. அந்த வீட்டு வார்த்தை.

"யாரு எழுதினது?" என்று, தறிச் சத்தத்தில் மற்றவர்களுக்குக் கேட்காதபடி, மெதுவாகத் தெலுங்கில் கேட்டாள்.

"நான்தான்," என்றாள் ரஞ்சிதம், அவளும் மெதுவாக, ராட்டினத்தை நிறுத்தாமல். "வரலட்சுமி சொல்லும், நான் எழுதுவேன். தெருவுல பாவு நூலை நீட்டிக் கட்டற அன்னிக்கு எல்லா வெள்ளைப் பூவும் வருங்க. நான் அதுங்களுக்குச் சொல்லிக் குடுப்பேன். ஒன்பது பேரும் படிக்கறோம் டீச்சர். சாருக்குத் தெரியாது!"

கோமளவல்லிக்கு அந்தப் பெண்ணைத் தூக்கிச் சுற்ற வேண்டும் போல இருந்தது. தூக்கவில்லை. 'கௌரியம்மா, உன் பொண்ணு எழுதப் படிக்கக் கத்துக்கினா பாரு' என்று சொல்ல வாயெடுத்தாள். தெருவுக்குத் தெரிந்தால் வரதராஜனுக்குத் தெரியும். கலக்கவே கூடாது, ஆமா.

"நல்லா சுத்தறாம்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

ஜம்புலிங்கத்திடம் சொன்னபோது அவர் பொடியை எடுத்த கையை அப்படியே வைத்துக்கொண்டார். "ஒன்பதுமா? நான் நாலு மாசமா பசு பசுன்னு கத்திகினு இருக்கிறேன், அதுங்க எதுவும் தெரியாத மாதிரி என் மூஞ்சியைப் பாத்துகினு இருந்துச்சுங்களா?"

"சிரிக்காதீங்க சார். பரீட்சையில ரெண்டு பக்கமும் ஒரே மார்க்கு வாங்கிடும்."

தை மாதம் வரதராஜன் பார்வையிட வந்தபோது, கோமளவல்லி பட்டும்படாமலும் கேட்டுப் பார்த்தாள். "சார், ஒரு பேச்சுக்கு. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி மார்க் வாங்கிட்டா?"

"போச்சு. வேற ஒரு பள்ளிக்கூடத்துல அப்படித்தான் ஆச்சு. பலன் இல்லைன்னு எழுதி முடிச்சுட்டாங்க."

"பிள்ளைங்க எல்லாம் படிச்சா நல்லதுதானே சார்?"

"நல்லதுதாம்மா, யாரு இல்லேன்னா? ஆனா உங்க முறையாலதான் படிச்சாங்கன்னு காகிதத்துல எப்படிக் காட்டுவீங்க?"

"வீட்டுல அக்கா தங்கச்சி சொல்லிக் குடுத்துட்டாங்கன்னா..."

"அப்ப சோதனையே கெட்டுப்போச்சுன்னு ரத்து பண்ணிடுவாங்க. அதுக்குத்தான் முதல்லயே படிச்சுப் படிச்சுச் சொன்னேன்." அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஏம்மா, அப்படி ஏதாவது?"

"இல்லை சார். ஒரு பேச்சுக்கு."

எந்தப் பக்கம் திரும்பினாலும் மூன்றாவதோடு நிற்கிற பெண்கள்தான் அவள் கண்ணுக்குத் தெரிந்தார்கள். உண்மை சொன்னாலும் வகுப்பு போகும். சொல்லாவிட்டாலும் மார்க்கு சொல்லிவிடும்.

மார்ச் பரீட்சைக்கு முந்தின நாள் பள்ளி விட்டதும் ரஞ்சிதத்தை நிறுத்தி வைத்தாள். அவளை மட்டும் கூப்பிட்டால் போதும். அவள் சொன்னால் மற்ற எட்டும் கேட்கும்.

"நாளைக்கு மெட்ராஸ் சார் வருவாரு. அட்டையைக் காட்டி என்ன எழுதியிருக்குதுன்னு கேப்பாரு."

"எல்லாம் தெரியும் டீச்சர். தலைகீழாக் காட்டினாலும் சொல்லுவேன்."

"தெரியாதுன்னு சொல்லணும்."

ரஞ்சிதம் சிரித்தாள். டீச்சர் விளையாடுகிறாள் என்று நினைத்தாள். பிறகு டீச்சர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

"எதுக்கு?"

"நீங்க ஒன்பது பேரும் தெரியும்னு சொன்னா அடுத்த வருஷம் இங்க நாலாங் கிளாஸ் இருக்காது."

"தெரியாதுன்னு சொன்னா?"

"இருக்கும்."

"எனக்குமா?"

"உனக்குந்தாண்டீ. உனக்காகத்தான்."

ரஞ்சிதம் பாவாடை நுனியை முறுக்கினாள். "எங்கம்மா வருமே டீச்சர், பாக்கறதுக்கு. படிச்சுக் காட்டலாம்னு இருந்தேன். அம்மாவுக்கு இன்னும் தெரியாது."

"அப்புறம் காட்டலாம்."

"எப்போ?"

"நான் சொல்றேன், அப்போ."

"நீங்க சொல்ற வரைக்கும் தெரியாதுன்னே சொல்லணுமா?"

"ஆமா கண்ணு."

"சரி," என்றாள் அந்தப் பெண். அவ்வளவுதான். பையை எடுத்துக்கொண்டு ஓடவில்லை, நடந்து போனாள்.

மறுநாள் ஜன்னல் இரண்டிலும் தாய்மார்கள் தலை. செவப்புப் பூ ஒன்பதும் படபடவென்று படித்துத் தள்ளின. வரலட்சுமி நாற்பது அட்டையில் முப்பத்தெட்டைச் சொன்னாள். கன்னியம்மாள் மகன் ஒரு அட்டையைப் படித்துவிட்டு வரதராஜனுக்கே அர்த்தம் சொன்னான். வெளியே ஒரே சிரிப்பு, ஒரே பெருமை.

பிறகு வெள்ளைப் பூ. முதல் ஆளாக ரஞ்சிதம்.

"இது என்னம்மா?"

"தெரியாது சார்."

"இது?"

"தெரியாது சார்."

வரதராஜன் நல்ல மனிதர் என்று சொன்னேனே. பெண்ணை அழ வைக்க அவருக்கு மனமில்லை. தேடி ஒரு அட்டையை எடுத்தார். "இது உங்க வீட்டுல இருந்து வந்த வார்த்தையாம். பதட்டப்படாம பாரு."

கண்டெ.

"சொல்லுடீ!" என்று ஜன்னலில் இருந்து கௌரியம்மாள் குரல். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் வீட்டு வார்த்தை என்று கேட்டாளே. "நம்ம வீட்டுது எதுன்னு உனக்குத் தெரியாதா? சொல்லித் தொலைடீ!"

ரஞ்சிதம் திரும்பிக் கோமளவல்லியைப் பார்த்தாள். இப்போதா, என்று கேட்கிற பார்வை. கோமளவல்லி குனிந்து வருகைப் பதிவேட்டைப் பார்த்தாள். அன்றைய தேதியை எழுதினாள். எழுதிய தேதியின் மேலேயே இன்னொரு தடவை எழுதினாள்.

"தெரியாது சார்."

"வெள்ளைப் பூ இல்லே? எங்க இருந்து வரும்?" என்றாள் கன்னியம்மாள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கௌரியம்மாள் தலை ஜன்னலில் இருந்து போய்விட்டது. மற்ற எட்டுப் பேரும் ரஞ்சிதம் சொன்னதையே சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள்.

"இந்த மாதிரி வேறுபாடு நான் பார்த்ததே இல்லைம்மா," என்றார் வரதராஜன், கைப்பையை மூடிக்கொண்டே. "கருத்தரங்குல நீங்களே வந்து பேசணும்."

கோமளவல்லி அன்று சாயங்காலமே கௌரியம்மாளிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நாலு நாள் கழித்துப் போகலாம், ஆர்டர் வரட்டும் என்று இருந்தாள். கோடை விடுமுறை வந்தது. ஜூன் முதல் வாரம் ஆர்டரும் வந்தது: திட்டம் மூன்று ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்படுகிறது; நான்கும் ஐந்தும் நீடிக்கும். பள்ளி திறந்தது. நாலாவதில் செவப்புப் பூ ஒன்பதும் வந்து உட்கார்ந்தன. வெள்ளைப் பூவில் பையன்கள் நாலு பேர். வெள்ளைப் பூ எடுத்த ஐந்து பெண்களில் ஒருத்தியும் வரவில்லை.

அன்றே கௌரியம்மாள் வீட்டுக்குப் போனாள், கையில் அட்டைக் கட்டோடு.

"வாங்க டீச்சரம்மா. சின்னவ ஸ்கூலுக்கு வந்தாளே?"

"பெரியவளைக் கேட்டு வந்தேன்."

"அவளுக்குத்தான் படிப்பு ஏறலையே." கௌரியம்மாள் கோபமாகச் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்ததைச் சொல்கிற மாதிரி சொன்னாள். "ஒருத்தி படிக்கறா, ஒருத்தி தார் சுத்தறா. பரவாயில்லைங்க. ரெண்டு பேரையும் அனுப்பினா தறி நின்னுபூடும். பங்குனியில இருந்து இவ கைதான் ஓடிகினு கீது."

ரஞ்சிதம் மூலையில் இருந்தாள். சுவர் வெள்ளையாக இருந்தது, பொங்கலுக்கு அடித்தது.

கோமளவல்லி தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். எல்லப்பன் தறியை நிறுத்தினான். மானியம், பூ, பரீட்சை, முந்தின நாள் சாயங்காலம் நிறுத்தி வைத்தது. ஒன்றையும் விடவில்லை.

கௌரியம்மாள் கேட்டுவிட்டு, "எம்பொண்ணுக்குப் படிக்கத் தெரியும். நீங்க தெரியாதுன்னு சொல்லச் சொன்னீங்க. அவ ஊரு முன்னாடி நின்னு அப்பிடியே சொன்னா. இதானே சொல்றீங்க?" என்றாள்.

"ஆமாம்மா."

"எந்த டீச்சராவது அப்பிடிச் சொல்லுவாங்களா?"

கோமளவல்லி அட்டைக் கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

எல்லப்பன்தான் பேசினான். "வேணாங்க டீச்சரம்மா. நீங்க மனசு நல்லவங்க. புள்ளை மனசு நோவக்கூடாதுன்னு உங்க மேல பழியப் போட்டுகினு சொல்றீங்க. எங்களுக்குப் புரியாதா? அன்னிக்கே முருகன் வெள்ளைப் பூவைக் கையில குடுத்துட்டான். நாங்கதான் லேட்டாப் புரிஞ்சிகினோம்."

"அந்தப் பூ நாங்க கட்டினது எல்லப்பா! நானும் சாரும் மார்க்கெட்டுல வாங்கிக் கட்டினது!"

"கட்டினது நீங்க. குடுத்தது யாரு?"

கோமளவல்லி கட்டைப் பிரித்தாள். கண்டெ அட்டையை எடுத்து ராட்டினத்துக்கு முன்னால் நீட்டினாள். "ரஞ்சிதம். இப்போ சொல்லு. நான் சொல்றேன்னு சொன்னேன் இல்லே? இதான் அப்போ. அம்மா நைனா ரெண்டு பேரும் இருக்காங்க. படி."

ராட்டினம் நின்றது. ரஞ்சிதம் அட்டையைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். மூன்று மாதத்தில் கன்னம் வற்றியிருந்தது. விரலில் நூல் அறுத்த கோடு. கௌரியம்மாள் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள். என்ன இருந்தாலும் தாய். ஒரு வார்த்தை வந்துவிடாதா என்றுதான் நின்றாள்.

"தெரியாது டீச்சர்."

"ரஞ்சிதம்!"

"தெரியாது டீச்சர்."

கௌரியம்மாள் மூச்சை விட்டாள். "பாத்தீங்களா," என்றாள், அதுவும் மெதுவாக. "மோர் குடிச்சிட்டுப் போங்க. வெய்யில்ல வந்துகீறீங்க."

கோமளவல்லி எழுந்திருக்கும்போது மடியில் இருந்த அட்டையெல்லாம் சரிந்து தரையில் கொட்டியது. ரஞ்சிதம் எழுந்து வந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொடுத்தாள். முகத்தை நிமிர்த்தவே இல்லை.

ஜம்புலிங்கம் பள்ளியில் காத்துக்கொண்டிருந்தார். மையத்திலிருந்து வந்த படிவம் மேஜையில் இருந்தது. கோமளவல்லி கட்டை மேஜையில் வைத்தாள். அப்போதுதான் பார்த்தாள்: எல்லா அட்டையும் ஒரே பக்கம் பார்த்து, எழுத்து நேராக, வீட்டு வார்த்தை மேலே வரும்படி அடுக்கியிருந்தது. ஒன்றுகூடத் தலைகீழாக இல்லை. ஒன்று மட்டும் குறைந்தது. எது என்று அவள் தேட வேண்டியிருக்கவில்லை. இருந்தும் தேடினாள்; கண்டெ இல்லை.

"என்னம்மா ஆச்சு? அனுப்பறாங்களா?"

"இல்லை சார்."

"சரி, விடு. இதைப் பாரு. அடுத்த மார்ச்சுலயும் அதே பதினெட்டுப் பேருக்கும் பரீட்சை வெக்கணுமாம். நின்னுபோனவங்களையும் அன்னிக்கு ஒரு நாள் கூட்டியாந்தா போதும்னு போட்டிருக்குது." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தப் பொண்ணு ஒரு நாள் வந்து நிக்குமா?"

கோமளவல்லிக்குச் சிரிப்பு வந்தது.

"நிப்பா சார்," என்றாள். "வந்து நின்னு தெரியாதுன்னு சொல்லுவா. நல்லாவே சொல்லுவா."